சர்க்கரை இருந்தவரின் கருவிழியை அம்மாவுக்கு வைக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 64 வயது. சில வருடங்களுக்கு முன் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்தபோது சிக்கல் ஆகிவிட்டது. இப்போது கருவிழி வீங்கி, பார்வை மங்கி, அவ்வப்போது கொப்புளம் உடைந்து வலியில் துடிக்கிறார். கண் அழுத்தத்துக்கும் சொட்டு மருந்து விடுகிறோம். டீசெக் என்ற கருவிழி மாற்று ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, கருவிழி வந்திருக்கிறது என்றார்கள். கொடுத்தவருக்கு 68 வயதாம், மாரடைப்பில் இறந்தவராம், சர்க்கரையும் இருந்ததாம். வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். "இளவயசுக்காரர் கண்ணு வரட்டும்" என்று அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். நாங்கள் செய்தது சரிதானா? சர்க்கரைக்காரர் கண்ணை வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகுமா? அம்மாவுக்கும் சர்க்கரை வந்துவிடுமா? என் மாமனாருக்கு 71 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனவர். கண் தானம் செய்ய ஆசைப்படுகிறார். அவர் கண் யாருக்காவது உதவுமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கொடுத்தவரின் சர்க்கரை கருவிழி வழியாக அம்மாவுக்கு வராது. பிரஷரும் வராது. சர்க்கரை தொற்றுநோய் இல்லை. ஒரு துளித் திசுவை மாற்றி வைப்பதால் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவாது.

அண்ணன் கேட்டதை மட்டும் அப்படி ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. கொடுத்தவரின் வயதும் உடல்நிலையும் கருவிழியின் ஆயுளைப் பாதிக்குமா என்பது எங்கள் துறையிலேயே பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். பாதிக்கும். ஆனால் உங்கள் வீட்டில் பயந்த அளவுக்கு இல்லை.

அம்மாவின் கண்ணில் கெட்டது எது என்று தெரிந்தால்தான் மீதி புரியும். கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதன் உள்பக்கத்தில், கண்ணுக்குள் இருக்கும் நீரைத் தொட்டபடி, ஒரே ஓர் அடுக்குச் செல்கள் இருக்கின்றன. எண்டோதீலியம் என்போம். கருவிழிக்குள் ஊறி வரும் தண்ணீரை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. இறைப்பது நின்றால் கருவிழி ஊறி வெளுத்து, மேல்பக்கம் கொப்புளம் கட்டும். இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பக்கத்துச் செல்கள் விரிந்து காலி இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறக்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4000-க்கு மேல் இருப்பவை, நடுவயதைத் தாண்டும்போது 2500-ஐ ஒட்டி வந்துவிடும். அப்புறமும் வருடத்துக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் தானாகவே குறைந்துகொண்டிருக்கும். 500 வாக்கில் இறங்கிவிட்டால் இறைத்து மாளாது. புரை ஆபரேஷனில் ஏற்பட்ட சிக்கலில் அம்மாவுக்கு இவை ஒரேயடியாகக் குறைந்திருக்கின்றன.

டீசெக்கில் முழுக் கருவிழியை மாற்றுவதில்லை. கொடுத்தவரின் கருவிழியில் உள்பக்கத்து மெல்லிய சீவலை மட்டும் எடுத்து, சின்ன வெட்டு வழியாக உள்ளே அனுப்பி, காற்றுக் குமிழியை வைத்து அம்மாவின் கருவிழிக்குப் பின்னால் ஒட்டவைப்போம். ஆக, அந்த 68 வயதுக்காரரிடமிருந்து அம்மாவுக்கு வந்து சேர வேண்டிய முக்கியமான சரக்கு அந்த ஓர் அடுக்குச் செல்கள்தான். அவர் இதயம் எப்படி இருந்தது, சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் அந்தச் செல்களைத் தொட்ட அளவுக்கே நமக்கு முக்கியம்.

தொட்டதா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். கண் வங்கியில் கருவிழியை ஒரு சின்னக் குப்பியில், இளஞ்சிவப்புத் திரவத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். செல்லை எண்ணுவதற்கு முன் குப்பியை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். ஜில்லென்று இருக்கும்போது படம் சரியாக விழாது. அதன் பிறகு ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணமாக, நெருக்கமாகத் தெரியும். நல்ல கருவிழியில் அறைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அடிபட்ட கருவிழியில் ஒன்று பெரிசாக, ஒன்று சின்னதாக, கோணல்மாணலாக இருக்கும். எண்ணிக்கை 2000-க்குக் கீழே இருந்தால் பார்வைக்கான ஆபரேஷனுக்குப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள். திரவம் மஞ்சளாகவோ கலங்கலாகவோ மாறியிருந்தால் கிருமி சேர்ந்திருக்கலாம் என்று அந்தக் குப்பியையே ஒதுக்கிவிடுவார்கள்.

உங்களுக்கு ஃபோன் வந்தது என்றால், அந்தக் கருவிழி இவற்றையெல்லாம் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கும் முன்னால் ஒரு வடிகட்டல் உண்டு. உங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கொடுத்தவரின் ரத்தத்தை எடுத்து எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பார்ப்பார்கள். வெறிநாய்க்கடி, மூளைக்காய்ச்சல், ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் கிருமி பரவியது, காரணமே தெரியாத மரணம் என்றால் கருவிழியைப் பயன்படுத்த மாட்டார்கள். 1978-ல் அமெரிக்காவில், என்ன நோய் என்று பிடிபடாமல் இறந்த ஒருவரின் கருவிழியை வைத்த நோயாளி வெறிநோய் வந்து இறந்துபோனார். கொடுத்தவருக்கு இருந்தது வெறிநோய் என்று பிறகுதான் தெரிந்தது. 'காரணம் தெரியாத மரணம் என்றால் வேண்டாம்' என்று இன்று கண் வங்கிகள் கறாராக இருப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம். கொடுத்தவரின் நோய்க்குப் பயப்பட வேண்டிய இடம் இது. மாரடைப்பு இந்தப் பட்டியலில் வராது. சொல்லப்போனால், நாள் கணக்கில் வென்டிலேட்டரில் கிடக்காமல் திடீரென்று போனவரின் கருவிழி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

சரி, வயதுக்கு வருவோம். இதற்குத் தெளிவான பதில் அமெரிக்காவில் நடந்த கார்னியா டோனர் ஸ்டடி என்ற ஆய்விலிருந்து கிடைத்தது. சுமார் 1100 நோயாளிகள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்ததும் இந்த உள்பக்கச் செல் பிரச்சினைதான். கொடுத்தவரின் வயது என்ன என்று நோயாளிக்கும் தெரியாது, ஆபரேஷன் செய்த மருத்துவருக்கும் தெரியாது. 5 வருடம் கழித்துப் பார்த்தபோது, 65 வயதுக்குட்பட்டவர்கள் கொடுத்த கருவிழியிலும், 66 முதல் 75 வயதுக்காரர்கள் கொடுத்த கருவிழியிலும் 86 சதவீதம் தெளிவாகவே இருந்தது. இரண்டுக்கும் ஒரே எண். 10 வருடத்தில் 77-க்கு 71 என்று சின்ன இடைவெளி விழுந்தது.

அந்த 10 வருடக் கணக்கை நுணுக்கிப் பார்த்தால் அண்ணன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பது தெரியும், மறைப்பானேன். 12 முதல் 33 வயதுக்குள் இருந்தவர்கள் கொடுத்த கருவிழியில் 96 சதவீதம் தாக்குப்பிடித்தது. 34 முதல் 71 வரை 75 சதவீதம். அதற்கு மேல், 72 முதல் 75 வரை 62 சதவீதம். மிக இளம் வயதுக் கருவிழி நீண்ட காலம் நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் நடுவில் உள்ள வரியைப் பாருங்கள். உங்களுக்கு வந்த 68-ம், நீங்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருக்கக்கூடிய 45-ம் அங்கே ஒரே வரியில் இருக்கின்றன. அது முழுக் கருவிழியை மாற்றிய நோயாளிகளிடம் செய்த ஆய்வு, டீசெக் இல்லை. இருந்தாலும் பிழைக்க வேண்டியது அதே செல்கள்தான் என்பதால் எங்களுக்கு அதுவே பெரிய வழிகாட்டி. ரத்தப் பிரிவு பொருந்த வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். தேவையில்லை, அதே ஆய்வில் அதையும் பார்த்துவிட்டார்கள், வித்தியாசம் தெரியவில்லை.

இளவயதுக்காரர் கண்ணுக்காகக் காத்திருப்பது என்றால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அண்ணன் யோசித்திருக்க மாட்டார். நம் ஊரில் 30 வயதுக்குள் கண் தானம் செய்பவர்களில் சாலை விபத்தில் போனவர்கள் ஏராளம். அப்படியே ஒரு கருவிழி வந்தாலும், இன்னும் 50 வருடம் வாழ வேண்டிய ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் மருத்துவர் அதை முதலில் ஒதுக்குவார். 64 வயது அம்மாவுக்கு அது வரும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. நியாயமும் இல்லை என்பது என் கருத்து.

சர்க்கரையைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. இதில் ஆய்வுகள் கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. டீசெக் செய்துகொண்டவர்களை 3 வருடம் தொடர்ந்து பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வு உண்டு. கருவிழியை எத்தனை நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம் என்று கண்டுபிடிக்கச் செய்தது. அதில் பக்கத்து விளைச்சலாக ஒன்று தெரியவந்தது. கொடுத்தவருக்குச் சர்க்கரை இருந்தால், வைத்த சீவல் ஆரம்பத்திலேயே தோற்றுப்போகிற வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு ஆகிறது. 'இரண்டு மடங்கு' என்றதும் பதற வேண்டாம். அந்த ஆய்வில் மொத்தத் தோல்வியே நூற்றுக்குப் பத்துக்குள்தான். சிறிய எண் இரட்டித்தாலும் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே இருந்தது. இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஆய்வு நடத்தி, 2025-ல் முதல் வருட முடிவை வெளியிட்டார்கள். டீமெக் என்ற, டீசெக்கைவிட மெல்லிய படலத்தை மட்டும் வைக்கும் ஆபரேஷனில் பார்த்தது அது. சர்க்கரை இருந்தவர் கொடுத்ததும் இல்லாதவர் கொடுத்ததும் ஒரு வருடத்தில் ஒன்றுபோலவே இருந்தன.

சர்க்கரை உண்மையிலேயே தொல்லை கொடுக்கும் ஓர் இடம் உண்டு, அது மேஜைமேல். டீமெக்குக்கு அந்தப் படலத்தை உரித்தெடுக்கும்போது, சர்க்கரைக்காரர் கருவிழியில் அது மீதித் திசுவோடு ஒட்டிக்கொண்டு சட்டென்று கிழிந்துவிடும். நாங்கள் முனகுவது அதற்காகத்தான். டீசெக்கில் உரிப்பது கிடையாது, கருவியால் சீவுவதுதான். அந்தத் தலைவலி அம்மாவின் விஷயத்தில் இல்லை.

கருவிழியை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று பார்த்த அந்த 3 வருட டீசெக் ஆய்வில் இன்னொரு கணக்கும் கிடைத்தது, உங்களுக்கு இது சர்க்கரையைவிட உபயோகம். எடுத்து 4 நாளுக்குள் கண்ணில் வைத்த கருவிழியில் 3 வருட வெற்றி 96.5 சதவீதம், 12 முதல் 14 நாள் குளிரில் கிடந்த கருவிழியில் 89.3. மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற திரவங்களில் 14 நாள் வரை வைக்கலாம், பழைய எம்.கே. திரவத்தில் 4 நாள்தான். அடுத்த முறை ஃபோன் வரும்போது 'யார் கொடுத்தது' என்று கேட்பதைவிட 'எடுத்து எத்தனை நாள் ஆச்சு, செல் எவ்வளவு' என்று கேளுங்கள். செல் எண்ணிக்கையிலும் ஒரு விஷயம்: 2000-ஐத் தாண்டிய பிறகு 2500-ஆ 2900-ஆ என்று பேரம் பேசிப் பயனில்லை. கண் வங்கி சொல்லும் எண்ணை வைத்து ஆயுளைக் கணிக்க முடியவில்லை என்று முன்னே சொன்ன டோனர் ஸ்டடியிலேயே பார்த்தார்கள். ஆபரேஷன் ஆகி 6 மாதம் கழித்து நோயாளியின் கண்ணில் எண்ணும்போது கிடைக்கும் எண்தான் வருங்காலத்தைச் சொல்கிறது. அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். "கண் அழுத்தத்துக்கும் சொட்டு மருந்து விடுகிறோம்." கொடுத்தவரின் சர்க்கரையைவிட எனக்கு இதுதான் கவலை. வைத்த கருவிழி எத்தனை காலம் நிற்கும் என்பதில், அது எந்தக் கண்ணுக்குள் போகிறது என்பதன் பங்கு பெரிது. இந்த உள்பக்கச் செல்கள் தானாகவே குறைந்துபோகும், பரம்பரையாக வரும் ஃபுக்ஸ் நோய்க்காக மாற்றிக்கொண்டவர்களில் 5 வருடத்தில் தோற்றது சுமார் 7 சதவீதம்; அம்மாவைப் போலப் புரை ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிய கண்களில் சுமார் 27 சதவீதம். இதுவும் டோனர் ஸ்டடியில் கிடைத்த கணக்குதான். 65-க்கும் 75-க்கும் இடையே தேடிய வித்தியாசத்தைவிட இது எவ்வளவு பெரிது பாருங்கள். கண் அழுத்தம் இருந்தால், அதிலும் அழுத்தத்துக்காக முன்பே ஆபரேஷன் நடந்திருந்தால், தோல்வி இன்னும் கூடும். போதாக்குறைக்கு, கருவிழியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நாங்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும்.

ஆகவே அழுத்தம் இப்போது எவ்வளவு, எத்தனை மருந்தில் அடங்கியிருக்கிறது, கண் நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நரம்பு ஏற்கெனவே நலிந்திருந்தால், இருபது வயதுக்காரர் கருவிழியை வைத்தாலும் பார்வை ஓரளவுக்கு மேல் ஏறாது. ஆபரேஷன் முடிந்த முதல் நாள் அம்மா மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றுக் குமிழி சீவலைத் தாங்கிப் பிடிப்பது அப்போதுதான். முதுகுவலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் சொட்டு மருந்து. கண்ணில் சிவப்பு போய், பார்வையும் தெளிந்ததும் "இனிமே எதுக்கு மருந்து" என்று நிறுத்திவிட்டு, நிராகரிப்பு வந்த பிறகு ஓடிவருகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வலித்தாலோ அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும். பொங்கல் முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்தில் பிடித்தால் மருந்திலேயே பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

நீங்கள் செய்தது சரியா என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் அந்தக் கருவிழியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அது இந்நேரம் வேறொருவர் கண்ணில் இருக்கும், வீணாகியிருக்காது. அதற்காக வருந்திப் பயனில்லை. ஆனால் இனியும் காத்திருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. கொப்புளம் வந்து உடைந்து, வந்து உடைந்து, கருவிழியின் முன்பக்கம் நிரந்தரமாகத் தழும்பேறிவிடும். அப்படி ஆகிவிட்டால் உள்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாது, முழுக் கருவிழியையும் மாற்ற வேண்டி வரலாம். தையல் அதிகம், நிராகரிப்பு அதிகம், பார்வை திரும்ப நாளும் அதிகம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் ஃபோன் செய்து, வயதையும் சர்க்கரையையும் காரணம் காட்டி வேண்டாமென்று சொல்லமாட்டோம் என்று தெரிவித்துவிடுங்கள். எங்களிடம் ஒரு முறை மறுத்தவர் பெயர் பட்டியலில் கீழே போய்விடாது. ஆனால் அவசரத்துக்குக் கூப்பிடும்போது, உடனே கிளம்பி வருகிறவர்களைத்தான் கை முதலில் தேடும்.

மாமனார் விஷயம். அவர் ஆசைக்குக் குறுக்கே நிற்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் கண் தானத்துக்குத் தடையில்லை. புரை ஆபரேஷன் ஆன கண்ணில் செல் குறைவாக இருக்கலாம், எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2000-க்குக் குறைந்தாலும் குப்பைக்குப் போகாது. கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைத்துக்கொள்ளும் கூம்பு விழி உள்ளவர்களுக்கு முன்பக்கத் திசுவை மட்டும் மாற்றுவோம். உள்பக்கச் செல் அவர்களுடையதே இருக்கும் என்பதால் கொடுத்தவரின் செல் எண்ணிக்கை அங்கே பெரிய விஷயம் இல்லை. வயலில் நெல் சுணை பட்டுப் புண்ணாகி, கருவிழி ஓட்டையாகும் நிலையில் நடுராத்திரி வருகிறவர்களுக்குக் கண்ணைக் காப்பாற்ற ஒரு கருவிழி அவசரமாக வேண்டியிருக்கும், அங்கேயும் உதவும். எதற்கும் ஆகாதென்றால் இளம் மருத்துவர்கள் கை பழகுவதற்கும் ஆராய்ச்சிக்கும் போகும்.

உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் சம்மதித்துப் ஃபோன் செய்தால்தான் உண்டு. ஆகவே உங்கள் கணவரிடமும் அவர் கூடப்பிறந்தவர்களிடமும் இப்போதே பேசிவையுங்கள். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையணை கொடுத்துத் தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் கருவிழி காய்ந்துவிடும். வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், முகம் விகாரமாகாது. பக்கத்துக் கண் வங்கியின் எண்ணை எல்லோர் ஃபோனிலும் பதிந்துவையுங்கள். மாமனாரின் சர்க்கரை, பிரஷர் மருந்துச் சீட்டுகளையும் பழைய ஆஸ்பத்திரி ஃபைலையும் ஒரே பையில் போட்டு வைத்தால் நல்லது. வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள்.